வழுக்காத கை

உங்களுக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கிறது. இல்லையென்று சொல்வீர்கள். பல் கடிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அந்தச் சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குத்தான் கேட்கும். உங்கள் தாடை மூலை இரண்டும் புடைத்திருக்கின்றன. காலையில் எழுந்ததும் பொட்டில் வலிக்கும், கொட்டாவி விட்டால் காதுக்குப் பக்கத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். சரிதானே? அப்படியே விட்டுவிடாதீர்கள். தேய்ந்த பல் திரும்ப வளராது.

உங்களைக் காக்காய் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க மனிதர்களின் வாயைப் பார்த்தே பிழைத்தவள் நான். எதிரே யார் உட்கார்ந்தாலும் கண் முதலில் தாடைக்குத்தான் போகிறது. தவிர, என் மகளுக்கும் இதே தொந்தரவுதான், எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். நடுவில் நீங்கள் கேள்வி கேட்கலாம். அழுவேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்திருக்கிறீர்கள் போல. தேவைப்படாது.

எங்கள் வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடத்தில்தான். முன்பக்கம் இரண்டு அறை கிளினிக், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. நான் பல் துளைக்கிற கருவியை நிறுத்தினால் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அந்த வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளைச் சீட்டி என்று கூப்பிடுவோம். பேச்சு வருவதற்கு முன்பே உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தவள், அதனால் அவள் அப்பா வைத்த பெயர். பெயர் வைத்ததோடு அவருடைய கடமை முடிந்தது. வேறு ஊரில் வேலை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், அங்கேயே இன்னொரு வீடு, இன்னொரு பெண்டாட்டி என்று இருந்துவிட்டார். மகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்து வரும், அதுவும் ஒருநாள் தள்ளி. நான் யாரிடமும் போய்ப் புலம்பவில்லை. என் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊரார் பல்லைப் பிடுங்கி, அவளை வளர்த்தேன்.

சீட்டியடித்தவள் வளர்ந்து புல்லாங்குழல் வாசித்தாள். பிரமாதமாக வாசிக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அவள் ஊதும்போது வாயைச் சுற்றி எந்தெந்தத் தசை வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியும். உதட்டின் நடுவில் நூல் நுழைகிற அளவு இடைவெளி வைத்து, அதன் வழியாகக் காற்றைச் சீராக அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் போச்சு, காற்று மட்டும்தான் வரும்.

ஒரு பெரிய இசைக்குழுவில் சேர அவள் முயற்சி செய்துகொண்டிருந்தாள். தேர்வு நெருங்க நெருங்கப் பல்கடி அதிகமானது. கடைவாயில் நான் அடைத்துவிட்ட அடைப்பு உடைந்தது. நான் அடைத்தது லேசில் உடையாது. அதனால்தான் ஊசி போடலாம் என்று முடிவு செய்தேன். அழகு நிலையத்தில் நெற்றிச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே மருந்துதான். பல் வைத்தியத்தில் நாங்கள் அதைத் தாடைத் தசையில் போடுகிறோம். மெல்லுகிற தசை கொஞ்சம் சோம்பேறியாகிவிடும், பல் தப்பிக்கும். சில மாதங்களில் மருந்தின் வேகம் தானாகவே இறங்கிவிடும்.

போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது. நோயாளியைப் பல்லை இறுக்கிக் கடிக்கச் சொல்ல வேண்டும். கன்னத்தில் விரலை வைத்தால் தசை எழும்பும். அதன் பின்பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் ஊசியை இறக்க வேண்டும். கொஞ்சம் முன்னால், வாயோரத்தை நோக்கிப் போய்விட்டால், மெல்லுகிற தசையை விட்டுவிட்டு மருந்து சிரிக்கிற தசைக்குள் கசிந்துவிடும். உதட்டோரம் தொங்கிப்போகும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விபத்து இது. புதிதாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் செய்வார்கள்.

அன்றைக்குச் சீட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். புள்ளி வைத்தாகிவிட்டது, ஊசியும் கையில் தயார். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். செலக்ட் ஆயிட்டேன்."

"சரி."

"அடுத்த மாசமே சேரணுமாம். அவங்க ஊர்லயேதான் தங்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கா? வேலைம்மா அது."

வாயெல்லாம் பல்லாக இருந்தாள். அந்தப் பல் ஒவ்வொன்றையும் நான்தான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். சிரிக்காதே, தசை நகர்கிறது என்றேன். சொன்னபடி முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். ஊசி போட்டேன். கை கொஞ்சம் முன்னால் வழுக்கிவிட்டது. அப்படியொரு செய்தியைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் கை நடுங்கத்தானே செய்யும்.

நாலைந்து நாளில் இடது உதட்டோரம் கீழே இறங்கியது. ஊதிப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி மறுபடி ஊதினாள். கடைசியில் என் மடியில் தலையை வைத்து அழுதாள். அழும்போது முகம் ஒரு பக்கம் மட்டும்தான் அழுதது, மற்றப் பக்கம் சும்மா இருந்தது. இசைக்குழுக்காரர்கள் நல்லவர்கள். கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தார்கள், பிறகு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் ஒளிச் சிகிச்சையை ஆரம்பித்தேன். கிளினிக்கில் ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு கம்பி, அதன் முனையில் குளியலறை ஷவர் மாதிரி ஒரு தலை. அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வரும். தாடை வலி குறைவதற்கும், பல் பிடுங்கிய புண் ஆறுவதற்கும், மரத்துப்போன நரம்புக்கும் காட்டுவார்கள். அதனால் பலன் உண்டு என்று சத்தியம் செய்கிற டாக்டர்களும் உண்டு, வெறும் கதகதப்புதான் என்கிறவர்களும் உண்டு. கண் கூசாமல் இருக்க நோயாளிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவோம், அதைப் போட்டால் ஒன்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் நோயாளிகள் போனதும் சீட்டி வந்து நாற்காலியில் படுப்பாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படி அசையாமல் என் கையில் கையைக் கொடுத்துக்கொண்டு கிடந்ததில்லை. எப்போது பார்த்தாலும் ஓட்டம்தான்: கிளாஸ், பயிற்சி, கச்சேரி. இப்போது வீட்டிலேயே இருந்தாள். எனக்குச் சமைத்துப் போட்டாள். மத்தியானம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "நீ இல்லன்னா நான் என்னம்மா ஆகியிருப்பேன்" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஆனால் மருந்து இறங்கத்தானே செய்யும். ஒரு மத்தியானம் ஒரு பெரியவருக்குப் பல்செட் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய அச்செடுக்கிற மாவு, அது இறுகும்வரை நான் அச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நகர முடியாது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சுரம் கேட்டது. ஒன்றே ஒன்று. பிசிறில்லாமல், நீளமாக. பெரியவர் வாயைத் திறந்தபடியே புருவத்தைத் தூக்கி, நாற்காலிக் கையில் விரலால் தாளம் தட்டி ரசித்தார். அச்சை எடுத்தபோது அது கோணிப் போயிருந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அவள் தாடையைத் தடவிப் பார்த்தேன்.

"சீட்டி, மறுபடி இறுகியிருக்கு. விட்டா பழையபடி பல்லு போயிடும்."

"ஊசி வேணாம்மா. போன தடவை மாதிரி ஆயிட்டா?"

"அம்மா மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலம்மா. மன்னிச்சுக்க. போடு."

மன்னிப்புக் கேட்டது அவள். நான் கேட்கச் சொல்லவில்லை.

மரத்துப்போகிற களிம்பைக் கன்னம் முழுக்கத் தடவினேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, முதலில் வெளிச்சம் காட்டுவதாகச் சொல்லி, நடுவில் ஊசியைப் போட்டேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும், சிரிக்கிற தசையிலேயே. ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் பார்க்கிறவர்கள் பக்கவாதம் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறங்கினால் சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உதடு இறங்கியதும், இது ஊசியால் இல்லை, நரம்புக் கோளாறு மறுபக்கமும் பரவியிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

அதன் பிறகு மருந்து இறங்கப்போகிறது என்று தெரிந்ததும், வெளிச்சம் காட்டுகிற சாக்கில் அவளுக்குத் தெரியாமல் புதிதாகப் போட்டுவிடுவேன். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒளி மெஷினின் தலைக்குள் சிகிச்சைக்கான விளக்குகள் தனி, மெஷின் ஓடுகிறது என்று காட்டுகிற சின்னச் சிவப்பு விளக்கு தனி. சிகிச்சை விளக்குகளின் இணைப்பை நானே கழற்றிவிட்டேன். சின்ன விளக்கு மட்டும் எரியும். கதகதப்புக்காகக் கன்னத்தோரம் ஒரு வெந்நீர்ப் பை வைத்துவிடுவேன். ஒளியால் பலன் இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாத விஷயத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே. ஒருவேளை குணமாகிவிட்டால்?

அவளோ அந்த வெளிச்சத்தைத்தான் நம்பினாள். "இன்னிக்குக் கொஞ்சம் சுளீர்னு இருந்துச்சும்மா, நரம்பு முழிக்குது போல" என்பாள். ஆமாம் என்பேன்.

ஒருநாள் புல்லாங்குழலை எடுத்துக்கொண்டு போய் அவள் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னாளாம். மறுவாரத்திலிருந்து கிளினிக் முன்மேசையில் உட்கார்ந்தாள், போனை எடுத்தாள், வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்பினாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. "வெளியில உம்முன்னு ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, ரொம்பத் திமிரு டாக்டர்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். சொல்லி வைக்கிறேன் என்றேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. சீட்டியின் காதில் விழுந்திருக்கும்.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன் அவள் கைக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். உதட்டோரத்தை விரலால் தூக்குவாள். விரலை எடுத்தால் இறங்கிவிடும். மறுபடி தூக்குவாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். பரிதாபமாகத்தான் இருந்தது. பெற்றவளுக்கு இருக்காதா? ஆனால் எங்கேயோ ஒரு ஊரில், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்காக ஊதிக்கொண்டிருப்பதைவிட, இது பாதுகாப்பு. நான் பார்க்கிற தூரத்தில் இருந்தாள்.

அப்புறம் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். எங்கள் தெரு முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். புகார் கொடுத்தவரும் அவர்தான், உங்களுக்குத் தெரியும். முதலில் பல் கூச்சம் என்று வந்தார். அப்புறம் சுத்தம் செய்ய வந்தார். திரும்பவும் சுத்தம் செய்ய வந்தார். அவ்வளவு சுத்தமான பல்லை நான் பார்த்ததே இல்லை. அவர் எதற்கு வருகிறார் என்று கிளினிக் நாற்காலிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஒருநாள் முன்மேசையில் அவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். சீட்டி சிரித்தாள். வாய் அசையவில்லை, குரல் மட்டும் சிரித்தது. உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் சொன்னார், "ஏன் மூடுறீங்க? உங்க சிரிப்பு கண்ணுல நல்லாத் தெரியுது." கண்ணாடி விற்கிறவர் வேறெதைப் பார்ப்பார் என்று நான் உள்ளே நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, கையிலிருந்த கருவியை மூன்று தடவை கீழே போட்டேன்.

சிரிப்பை எடுத்துவிட்டால் யாரும் நெருங்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் சிரிப்பையே கேட்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் சீட்டி வந்து சொன்னாள், இந்தத் தடவை நேருக்கு நேர் உட்கார்ந்து.

"அம்மா, அவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன். அவங்க அப்பா அம்மா இருக்கற ஊர்லயே கடை போடப் போறாராம். நாங்க அங்கதான் இருப்போம்."

"நான்?"

"நீ நினைச்சப்ப வாம்மா. நானும் வந்து போயிட்டுத்தானே இருப்பேன்."

வந்து போவாளாம். அவள் அப்பாவும் பெட்டியைத் தூக்கும்போது அதைத்தான் சொன்னார்.

நான் சண்டை போடவில்லை. நல்லா இரு என்றேன். அவருடைய பெற்றோர் அவளைப் பார்க்க வரப்போகிற நாளையும் நானே பேசி முடிவு செய்தேன். போகிற வீட்டில் பல்லை நறநறவென்று கடித்தால் நன்றாக இருக்காது, அதற்கு முன்னால் கடைசியாக ஒரு ஊசி போட்டுவிடலாம் என்றேன். "கடைசியாவா?" என்று கேட்டாள். கடைசியாகத்தான் என்றேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன், விளக்கைப் போட்டேன், கையைப் பிடித்தேன். அந்தத் தடவை கன்னத்தில் போடவில்லை. தாடைக்குக் கீழே போட்டேன். நாக்கைத் தூக்குவதற்கும், வாயில் போட்டதை விழுங்குவதற்கும் வேலை செய்கிற தசைகள் அங்கே இருக்கின்றன.

நான் கணக்குப் போட்டபடியே, மருந்து வேலையைக் காட்ட ஆரம்பித்த நாளில் அவர்கள் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள், வெளிர் நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். கூடத்தில் உட்கார வைத்து எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தேன். சீட்டி ஒரு வாய் குடித்தாள். இறங்கவில்லை. உதட்டோரமாக வழிந்து புடவையில் கொட்டியது. மூச்சடைத்து இருமினாள். ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை குழைந்து, வாய்க்குள் துணி அடைத்ததுபோல் வெளியே வந்தது. அவருடைய அம்மா என் பக்கம் குனிந்து, "பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது..." என்று மெதுவாக இழுத்தார். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் அப்படித்தான், வெளியில் சொல்வதில்லை என்றேன்.

சீட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியாது என்று சொன்னேனே, ஆனாலும் அன்றைக்கு ஏதோ தெரிந்தது. அவள் என்ன நினைத்தாள் என்று இப்போதும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

அத்தோடு அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பெற்றோர் எழுந்து போனார்கள். கண்ணாடிக் கடைக்காரர் போகவில்லை. கைக்குட்டையை எடுத்து அவள் வாயைத் துடைத்துவிட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார். ஊட்டக்கூடாது, அந்த நிலையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆசையாக ஊட்டுகிறார், நாம் ஏன் குறுக்கே போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒரு டாக்டர்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது நிபுணர் பார்த்தார். மீசை இப்போதுதான் முளைக்கிற மாதிரி இருந்தார். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கண்ணாடிக் கடைக்காரரிடமும் என்னிடமும் சொன்னார், "ஊசி போட்டவங்களுக்குக் கை பழகல. இடம் தெரியாமப் போட்டிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை." அதை வைத்துத்தான் கண்ணாடிக் கடைக்காரர் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து கவனக்குறைவு என்று புகார் கொடுத்தார். நீங்கள் அபிப்பிராயம் கேட்ட மூத்த டாக்டர்களும் கைத்தவறு என்று முடிவு செய்தார்கள். என் மேல் அவர்களுக்கு மதிப்பு உண்டு. ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "ஒத்துக்கங்க மேடம், வயசாச்சு, கை நடுங்கிடுச்சுன்னு சொல்லிடுங்க. கொஞ்ச நாள் கிளினிக்கை மூடி வையுங்க, அத்தோட போயிடும்" என்று நல்லது சொன்னார்.

நீங்களே சொல்லுங்கள், அதை எப்படி ஒத்துக்கொள்வது? அதற்காகத்தான் நீங்கள் கூப்பிடாமலே இன்று நானாக வந்தேன். என்னிடம் வந்த எத்தனையோ பேரில் ஒருவருக்காவது மரக்க வேண்டிய இடம் விட்டு வேறு இடம் மரத்ததா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். என் மகளுக்குப் போட்ட ஒவ்வொரு ஊசியும் எங்கே இறங்க வேண்டும் என்று நினைத்தேனோ அங்கேதான் இறங்கியது. சிரிப்பை நிறுத்தினேன், அதே சமயம் கண் இமை தொங்கவில்லை, மூக்கு கோணவில்லை. அந்த இளம் நிபுணரால் அப்படிப் போட முடியுமா? கை பழகவில்லையாம். என் கை வழுக்காது. அந்த ஒரு விஷயத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அப்படியானால் அந்த முதல் ஊசி?

கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. முதல் ஊசியைப் பற்றி நான் சொன்னது எனக்கு நானே பல தடவை சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பேச்சு, வாயில் அப்படியே வந்துவிட்டது. கை நடுங்கவில்லை. புள்ளி வைத்திருந்தேன் அல்லவா, சரியான இடத்தில்தான் வைத்திருந்தேன். அது வேலைம்மா என்று அவள் சொன்ன பிறகு, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் புள்ளியைத் துடைத்தேன். முன்னால் தள்ளி வேறொரு புள்ளி வைத்தேன். "என்னம்மா, ஜில்லுன்னு இருக்கு?" என்றாள். சரியாக வைக்கவில்லை, மாற்றி வைக்கிறேன் என்றேன். "நீ பொறுமையா வைம்மா" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வந்துவிடாமல் உதட்டை மடித்துக்கொண்டு காத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆக, எல்லாமே நான் தெரிந்து செய்தவைதான். முதலிலிருந்து கடைசிவரை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள், பேச முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, கட்டிலோரத்தில் இருந்த மணியை அமுக்கினாள். நர்ஸ் வரும்வரை விடவே இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவர்கள் என்னைப் பிடித்து வெளியே அனுப்பும்போதும் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது. பாவம், ஆஸ்பத்திரி என்றால் குழந்தையிலிருந்தே அவளுக்குப் பயம். டாக்டர் கோட்டைக் கழற்றாமல் போனது என் தப்பு.

விழுங்குவதும் பேச்சும் மெல்லத் திரும்பும் என்கிறார்கள். சிரிக்கிற தசை சூம்பிப்போய்விட்டதாம், அது வருவது சந்தேகம்தானாம். என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதி முடித்துவிட்டால் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகம் இப்படி ஆகிவிட்டது, வாசிப்பும் போய்விட்டது, வரப்போகிற மாமியாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இந்த நிலைமையில் பெற்ற தாயை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?